நல்ல ரக விதையும் பழக்கன்றும் வாங்குவது எப்படி? வீட்டுத் தோட்டம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கடைக்குப் போய் "தக்காளி விதை ஒரு பாக்கெட் கொடுங்க" என்று கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். செடி தளதளவென்று வளரும். பூ எடுக்கும் நேரத்தில் இலை சுருண்டு நின்றுவிடும். உடனே மண்ணைக் குறை சொல்வோம், உரத்தைக் குறை சொல்வோம். என்ன ரகம் போட்டோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

இந்த ஊர் வெயிலையும் இந்த ஊர் நோயையும் தாங்குகிற ரகங்களும், தொட்டியில் அடங்குகிற ரகங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அரசு ஆராய்ச்சி நிலையங்கள் நம் வரிப்பணத்தில் உருவாக்கியவை அவை. ஆனால் பத்து ஏக்கர் விவசாயிக்குத் தெரிகிற வழி, பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்குத் தெரிவதில்லை. எங்கே போவது, எந்த மாதம் போனால் கையிருப்பு இருக்கும், எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்ல ஆளில்லாமல் நான் நிறைய அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து, வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் வெயிலையும் இடத்தையும் பாருங்கள்

விதை வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடிக்கோ கொல்லைக்கோ போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது விழும் இடம்தான் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு. அரை நிழல் என்றால் கீரையும் புதினாவும் போதும்.

மாடி என்றால் எடையை மறக்காதீர்கள். மண் சேர்ந்த கலவை நூறு லிட்டர் நனைந்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். பழமரத்துக்கு டிரம் வைப்பதானால் தூணும் உத்தரமும் இருக்கும் ஓரமாக வையுங்கள். பழைய கட்டடம் என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

2. ரகத்தின் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

பெயரின் முன்னெழுத்தைப் பார்த்தாலே அது பிறந்த இடம் தெரிந்துவிடும். கோ என்றால் கோயம்புத்தூர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். பி.கே.எம். என்றால் பெரியகுளம். பி.எல்.ஆர். கடலூர் மாவட்டத்துப் பாலூர், வி.ஆர்.எம். வேலூர்ப் பக்கத்து விரிஞ்சிபுரம், கே.கே.எம். கிள்ளிகுளம், பி.பி.ஐ. பேச்சிப்பாறை. "அர்கா" என்று தொடங்கினால் பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். "பூசா" என்றால் டெல்லி, "காசி" என்றால் வாரணாசி.

இதனால் என்ன பயன்? உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் பக்கத்தில் உருவான ரகத்தைத் தேட முடியும். வாங்கப் போக வேண்டிய இடமும் தெரிந்துவிடும்: பாலூர் ரகத்துக்குப் பாலூர், பெரியகுளம் ரகத்துக்குப் பெரியகுளம்.

3. ரகமா, வீரிய ஒட்டா?

ரகம் என்றால் அதன் விதையை எடுத்து மறுபடி போடலாம், தாய்ச்செடி மாதிரியே வரும். வீரிய ஒட்டு என்பது இரண்டு தாய் வரிசைகளைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதை. பாக்கெட்டில் எஃப் 1 என்று போட்டிருக்கும். விளைச்சல் கூடுதல், காய் ஒரே சீராக இருக்கும், விலையும் அதிகம். அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். அதனால் வருஷா வருஷம் புதிதாக வாங்க வேண்டும்.

பலர் பயப்படுவது போல வீரிய ஒட்டு மரபணு மாற்றுப் பயிர் அல்ல. இந்தியாவில் வணிகச் சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டும்தான். காய்கறியில் எதுவும் இல்லை.

என் யோசனை: கீரை, அவரை, கத்தரி எல்லாம் ரகமாகவே வாங்குங்கள். தக்காளியிலும் வெண்டையிலும் வைரஸ் தொல்லை அதிகம் உள்ள இடமானால் வீரிய ஒட்டுக்குச் செலவு செய்யலாம்.

4. என்ன கேட்டு வாங்குவது?

*தக்காளி:* அர்கா ரக்ஷக் என்று கேளுங்கள். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு இது. அதன் பிறகு வந்த அர்கா அபேத் பின்பருவக் கருகலையும் சேர்த்துத் தாங்கும். புளிப்பான நாட்டுத் தக்காளிச் சுவை வேண்டும், விதையும் எடுத்து வைக்க வேண்டும் என்றால் பி.கே.எம். 1. தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளியிலிருந்து வந்த ரகம் அது.

"தாங்கும்" என்றால் நோயே வராது என்று பொருளில்லை. இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ கூட்டமாக வந்தால் எந்த ரகமும் திணறத்தான் செய்யும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

*வெண்டை:* இதற்கு எதிரி மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோய். கோயம்புத்தூரின் கோ 4 வீரிய ஒட்டு இதைத் தாங்கும். அர்கா அனாமிகா பழைய ரகம், விதை எடுத்து வைக்கலாம்.

*கத்தரி:* இதில் நோயைவிட நாக்குதான் முக்கியம். கோ 2 வரிக்கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. முள்ளுக்கத்தரி பழகியவர்கள் வி.ஆர்.எம். 1 தேடுங்கள். பச்சையா, வரியா, ஊதாவா என்று வீட்டில் சமைப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் காய்த்தது சமையலறைக்குப் போகாது.

*அவரை:* புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பந்தல் அவரை பகல் பொழுது குறைகிற காலத்தில்தான் பூக்கும். தை மாசியில் விதைத்தால் மாதக்கணக்கில் கொடி மட்டும் படரும், பூ வராது. குத்து அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கோ 13, கோ 14 போன்றவை குட்டையாக நிற்கும், எந்த மாதம் விதைத்தாலும் காய்க்கும். தொட்டிக்கு இதுதான் சரி.

*புடலை:* கோ 2 புடலங்காய் ஒரு அடி நீளம்தான் வரும். உயரப் பந்தல் போட முடியாதவர்களுக்கு ஏற்றது.

*கீரை:* கோ 3 கிள்ளுக்கீரை. விதைத்து மூன்று வாரத்தில் கிள்ளத் தொடங்கலாம், பத்துத் தடவை வரை கிள்ளலாம். முதல் முறை தோட்டம் போடுபவர் இதிலிருந்து தொடங்கினால் மனம் விட்டுப் போகாது.

*முருங்கை:* பெரியகுளம் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கை. ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் ஒற்றைக் கம்பாக மேலே போய், காய் கைக்கு எட்டாது. காய்த்து முடிந்ததும் தரையிலிருந்து மூன்று அடி விட்டு வெட்டினால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் வைக்கவே கூடாது.

*பப்பாளி:* இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோ 2, கோ 8 போன்றவற்றில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரே ஒரு கன்று வாங்கி வைத்து, அது ஆணாகப் போனால் பழமே கிடைக்காது. கன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. "இது பெண் கன்று" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இடம் சிறிதென்றால் கோ 7 அல்லது அர்கா பிரபாத் கேளுங்கள். இவற்றில் பெண் மரமும் இருபால் மரமும்தான் (ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உள்ளது) வரும், ஆண் மரம் வராது. நான்கைந்து மாதத்தில் பூ வரும்போது பாருங்கள்: ஆண் பூ நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும். பெண் பூ தண்டை ஒட்டி, அடி உருண்டு பருத்திருக்கும். இருபால் பூவும் தண்டை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் ஒல்லியாக நீண்டிருக்கும். கோ 8 தான் வேண்டும் என்றால் ஒரு குழிக்கு மூன்று நான்கு கன்று வைத்து, பூ வந்த பிறகு வேண்டாததை எடுத்துவிடுங்கள்.

*கொய்யா, மா:* சிவப்புச் சதைக்கு அர்கா கிரண், வெள்ளைச் சதைக்கு லக்னோ 49. சிறு கொல்லைக்கு மாவில் பையூர் 1 அல்லது அம்ரபாலி. இரண்டுமே குட்டையாக நிற்பவை. பையூர் 1 நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்தது, அம்ரபாலி தஷேரியையும் நீலத்தையும் சேர்த்து டெல்லியில் உருவாக்கியது.

5. எங்கே வாங்குவது, என்ன கொண்டுபோவது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோவை வளாகத்திலும், வெளியூர் கல்லூரிகள், ஆராய்ச்சி நிலையங்களிலும் விதையும் கன்றும் விற்கிறார்கள். இதற்கு ஆவணம் எதுவும் வேண்டாம், பணம் கொடுத்து ரசீது வாங்கினால் போதும். ஆனால் போன் செய்யாமல் கிளம்பாதீர்கள். வேலை நாளில், வேலை நேரத்தில் மட்டும்தான் விற்பனை. கையிருப்பும் பருவத்துக்குப் பருவம் மாறும். "என்ன இருக்கு" என்று பொதுவாகக் கேட்காமல், "கோ 2 கத்தரி சிறு பாக்கெட் இருக்கிறதா" என்று ரகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

அர்கா ரகங்களுக்குப் பெங்களூரு போக வேண்டியதில்லை. ஹெசரகட்டா நிறுவனத்துக்குச் சொந்த இணைய விதை விற்பனைத் தளம் உண்டு. தபாலில் வீட்டுக்கு வரும். விதைக்கும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே பணம் கட்டிவிடுங்கள். புதிய வீரிய ஒட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று காட்டினால் விட்டுவிடாதீர்கள். அடுத்தடுத்த வாரங்களில் மறுபடி பாருங்கள்.

உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தையும் விசாரியுங்கள். நாற்றாகவே தருகிற நிலையங்களும் உண்டு. அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் பழக்கன்றுக்கு நம்பகமான இடம்.

மானியத் தொகுப்பு வேண்டும் என்றால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் போக வேண்டும். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், போன் நம்பர் ஆகியவற்றைச் சேர்த்து எடுத்துப் போங்கள். ஒன்று குறைந்தால் இன்னொரு நாள் அலைய நேரும். தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலும் முன்பதிவு உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தொகுப்பு 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு செடிப்பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, ஆறு வகை விதை, உயிர் உரங்கள், வேப்ப மருந்து அதில் இருந்தன. மானிய அளவும் தொகுப்பில் உள்ளவையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பழைய விலையை வைத்து வாதாடாதீர்கள். ஒதுக்கீடு வந்ததும் முதலில் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். ஜூன், ஜூலையில் வாரம் ஒரு முறை விசாரியுங்கள். தொகுப்பில் உள்ள விதையின் ரகத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் உறவினரிடம் விதை கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003 தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டவிரோதம். ஒரு பாக்கெட் விதையோடு ஒரு புது நோயும் ஊருக்குள் வந்துவிடலாம்.

6. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்துப் படம் நமக்குத் தேவையில்லை. பின்பக்கம் ரகப் பெயர், குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன், சோதனை செய்த தேதி, காலாவதித் தேதி, எடை, விலை, விற்பவர் முகவரி இத்தனையும் இருக்க வேண்டும். ரகப் பெயரே இல்லாமல் "ஹைபிரிட் தக்காளி" என்று மட்டும் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

அட்டையின் நிறத்தையும் பாருங்கள். நீல அட்டை சான்று பெற்ற விதை, பச்சை அட்டை உண்மைநிலை விதை. வெள்ளை ஆதார விதைக்கு, மஞ்சள் வல்லுநர் விதைக்கு. இவை இரண்டும் விதை உற்பத்தி செய்பவர்களுக்கானவை. பச்சை என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தரத்துக்கு விற்பவரே பொறுப்பேற்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. சான்று ஒன்பது மாதம் செல்லும். ஆறு மாதத்துக்குள் சோதித்த விதையாக எடுப்பது நல்லது.

விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் அது மருந்து தோய்த்த விதை. குழந்தைகள் கையில் படக் கூடாது. மிஞ்சினால் கோழிக்கோ புறாவுக்கோ போடக் கூடாது.

இணையத்தில் நீல நிற ஸ்ட்ராபெரி, வானவில் தக்காளி என்று படம் போட்டு விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படிப் பழம் கிடையாது.

7. கன்று வாங்கும்போது அடித்தண்டைப் பாருங்கள்

கன்றில் ஒட்டு என்றால் ஒரு செடியின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தின் கிளையை இணைத்தது; விதையில் பார்த்த வீரிய ஒட்டு வேறு. ஒட்டுச் சப்போட்டா என்று சொல்லி எனக்கு விற்ற கன்று, வருஷங்கள் போயும் பிஞ்சு பிடிக்கவில்லை. தண்டைத் தடவிப் பார்த்தால் ஒட்டுப் போட்ட அடையாளமே இல்லை, விதைக் கன்று. விற்ற நர்சரியில் கேட்டதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. பழமரத்தில் இழப்பது பணம் மட்டுமில்லை, ஆண்டுகளையும்தான்.

ஆகவே குனிந்து பாருங்கள். மாங்கன்று, சப்போட்டா என்றால் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டுப் போட்ட இடம் தெரிய வேண்டும். அங்கே தண்டு லேசாகப் புடைத்தோ வளைந்தோ இருக்கும்; மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறமாகப் பட்டை மாறும். கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் தண்டை இறுக்கிக்கொண்டிருந்தால், வீட்டுக்கு வந்ததும் பிளேடால் மெதுவாகக் கீறி எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்திருந்தால் அது வேர்ச்செடியின் துளிர். அதைக் கிள்ளாவிட்டால் நல்ல ரகம் பட்டுப்போய், காட்டுமாதான் நிற்கும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

கொய்யாவும் மாதுளையும் பெரும்பாலும் பதியன் கன்றாக (தாய்மரத்துக் கிளையையே வேர்விடச் செய்து எடுத்தது) வரும், அதில் ஒட்டு அடையாளம் இருக்காது.

பையின் அடியில் வேர் சுருண்டு கெட்டியாக வெளியே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது நர்சரியில் நாள்பட்டுக் கிடந்த கன்று. காயோடு நிற்கும் பெரிய கன்றைவிட, திடமான தண்டும் கரும்பச்சை இலையும் உள்ள சிறு கன்று சீக்கிரம் வேர்பிடிக்கும். இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டி, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

8. மாதக் கணக்கு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தொட்டிக்கும் பொருந்தும். ஜூன், ஜூலையில் அநேகமாக எல்லாக் காய்கறியும் போடலாம். அடுத்த நல்ல காலம் தைப்பட்டம். சித்திரை, வைகாசித் தொடக்க வெயிலில் நாற்று விடுவது வீண் சிரமம். அந்த நேரத்தில் மண் கலவையைத் தயார் செய்து வையுங்கள்.

பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். ஜூலை நடுவில் மிளகாய் நட வேண்டுமானால் ஜூன் தொடக்கத்தில் விதை குழித்தட்டில் (நாற்று விடும் சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு) இருக்க வேண்டும். அப்படியானால் மே மாதமே வாங்கியாக வேண்டும். வெண்டை, அவரை, கொடிவகைகள் நேரடி விதைப்பு, நாற்று வேண்டாம். பழக்கன்று நட, மழை தொடங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம்.

9. செலவு

மொத்தச் செலவில் விதைக்கு ஆவது மிகச் சிறு பங்கு. பையும் கலவையும்தான் பணத்தை இழுக்கும். எங்கள் பக்கத்தில் ஓரடிச் செடிப்பை 30 முதல் 60 ரூபாய், ஐந்து கிலோ தென்னைநார்க் கட்டி 120 முதல் 200, குழித்தட்டு 20 முதல் 40 ரூபாய். அரசுப் பண்ணையில் ஒட்டு மாங்கன்று பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தனியார் நர்சரியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள்.

வீரிய ஒட்டு விதை விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒரு கிராம் தக்காளி விதையில் முந்நூறு விதை அளவில் இருக்கும். பத்து கிராம் பாக்கெட் ஒரு தெருவுக்கே போதும். நாலைந்து வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் ஆளுக்குச் சொற்பம்தான் ஆகும். பிரிக்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

10. மொத்தமும் விதைக்கும் முன் முளைக்கவிட்டுப் பாருங்கள்

இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, ஒரு டப்பாவில் நிழலில் வையுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் முளைவிடும். மிளகாய்க்குப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், பப்பாளிக்கு இரண்டு மூன்று வாரம். இருபது தக்காளி விதையில் பதினாலுக்குக் குறைவாக முளைத்தால் விதை தரத்துக்குக் கீழே இருக்கிறது. சாயம் பூசாத விதையானால், விதைக்கும் முன் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை ஒரு சிட்டிகை கலந்துகொள்ளுங்கள், நாற்றழுகல் குறையும்.

மீதி விதையை அதே பாக்கெட்டோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்க வேண்டாம். குளிர் விட்ட பிறகு திறந்தால் உள்ளே ஈரம் கோக்காது.

ரசீதையும் காலிப் பாக்கெட்டையும் அறுவடை முடியும் வரை தூக்கிப்போடாதீர்கள். முளைக்கவில்லை, வேறு ரகம் வந்துவிட்டது என்றால் அந்தக் குவியல் எண்ணை வைத்துத்தான் விதை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்க முடியும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். கன்று வாங்கும்போதும் ரசீதில் "மாங்கன்று 1" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "பையூர் 1 ஒட்டுக்கன்று" என்று ரகப் பெயரோடு எழுதி வாங்குங்கள்.